டயருக்குள் மூப்படையும் மின்கலம்

ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் இடையே அமைந்துள்ள சேக்காட்டில், யந்திரங்களோடு எவ்விதத்திலும் புழங்காத குடும்பம் அரிது என்றே சொல்லலாம். 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை தோன்றியதும், பின்னர் அதே ஊரில் டன்லப் டயர் ஆலை எழுந்ததும், 1965-இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்ததும் ஒரே தலைமுறைக்குள் அடுத்தடுத்து நிகழ்ந்தமையால், உருக்கையும் ரப்பரையும் பற்றிய ஞானம் இவ்வட்டாரத்து மக்களுக்குப் புத்தகத்தின் வாயிலாக அன்றித் தொழிலின் வாயிலாகவே வந்து சேர்ந்தது. டயரின் தேய்மானத்தைக் கண்ணால் பார்த்தே நிர்ணயித்துவிடக்கூடிய அனுபவசாலிகள் இங்கே பலர் உண்டு. ஆனால் அந்த அனுபவம் கைகொடுக்காத ஒரு சிறு உறுப்பு இப்போது அவர்களுடைய கார்களின் சக்கரங்களுக்குள்ளே குடிபுகுந்திருக்கிறது. அது மூப்படைவது கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேளாது, வண்டி ஓடிய தூரத்தை மட்டும் கொண்டு அதன் வயதைக் கணக்கிடவும் இயலாது. டயரின் காற்றழுத்தத்தை இடைவிடாது அளந்து ஓட்டுநருக்கு அறிவிக்கும் சென்சாரே அது.

பெரிய விலையுள்ள வெளிநாட்டுக் கார்களில் மட்டும் காணப்பட்ட இக்கருவி, 2019, 2020ஆம் ஆண்டுகளை ஒட்டி, நடுத்தரக் குடும்பத்தார் வாங்கும் இந்தியக் கார்களிலும் பரவலாக இடம்பெறத் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டை ஆலையில் உருவாகி 2020-இல் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறைக் கிரெட்டாவின் உயர்ரகங்கள் இதற்கு ஒரு நல்ல உதாரணம். ஆகவே சென்சாரோடு பிறந்த வண்டிகளின் முதல் பெருங்கூட்டம் நம் நாட்டில் முதுமையை எட்டும் காலம் இதுதான். எஞ்சின் ஆயிலை எப்போது மாற்றுவது, பிரேக் பேடை எப்போது மாற்றுவது என்பதற்கெல்லாம் பழகிய பதில்கள் இருக்க, இந்தச் சென்சாரை எப்போது மாற்றுவது என்ற கேள்விக்கு மட்டும் தெளிந்த பதில் பெறாமல் பலர் திகைப்பது இதனாலேயே. அப்பதில் கருவியின் உள்ளமைப்பிலேயே அடங்கியிருப்பதால், முதலில் அதனைப் பார்ப்போம்.

காரைத் தாங்குவது ரப்பர் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. 1845-இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் காற்றடைத்த சக்கரத்துக்கு உரிமை பெற்றும் அது வழக்கத்துக்கு வராமற்போக, 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவரான ஜான் பாய்ட் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதனை மீண்டும் கண்டறிந்த நாள் முதலாக, அக்காற்றின் அளவு குறைந்தால் டயருக்கு ஆயுள் குறையும் என்பது எல்லோரும் அறிந்த விஷயமாகிவிட்டது. அழுத்தம் குறைந்த டயரின் பக்கச்சுவர், ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. அவ்வாறு மடங்கி நிமிர்வதில் செலவாகும் சக்தியின் ஒரு பகுதி ரப்பருக்குள்ளேயே உஷ்ணமாகத் தங்கிவிடுகிறது. உஷ்ணம் மிகுந்தால், ரப்பரும் எஃகு இழைகளும் ஒன்றோடொன்று பற்றியிருக்கும் பிணைப்புத் தளர்ந்து, மேற்பட்டை பிரிந்து, டயர் வெடிக்கிறது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பொருத்தப்பட்டிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள் இவ்வாறு பட்டை பிரிந்து பலர் உயிரிழந்தது வெளிவந்தபோது, அந்நாட்டுச் சட்டசபை அவ்வாண்டிறுதிக்குள் ஒரு சட்டம் இயற்றியது. அதன் பயனாக 2007 செப்டம்பர் முதல் அங்கே விற்கப்படும் இலகுரகப் புது வாகனங்கள் அனைத்திலும் காற்றழுத்தக் கண்காணிப்புக் கட்டாயமாயிற்று. ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் கட்டாயமாயிற்று. 1986-இல் போர்ஷ் 959 என்ற பந்தயத் தரத்துக் காரில் ஆடம்பரமாக அறிமுகமான ஒரு கருவி, இத்தனை உயிர்கள் பலியான பிறகே சாமானியனின் வண்டிக்கு வந்து சேர்ந்தது என்பதை மறக்கலாகாது.

கருவியின் உட்புறம் அதிசயமானது. வால்வின் அடியில், ரிம்மை ஒட்டி, ஏறத்தாழ 30 கிராம் எடையுள்ள ஒரு சிறு பெட்டி அமர்ந்திருக்கிறது. அதனுள் மிக மெல்லிய சிலிக்கன் சவ்வு ஒன்று உண்டு. அழுத்தத்தால் வளையும்போது சிலிக்கனின் மின்தடை மாறுபடுகிறது என்ற உண்மையை 1954-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சார்லஸ் ஸ்மித் வெளியிட்டார். அந்த மாறுபாட்டை அளந்தே அழுத்தம் கணிக்கப்படுகிறது. உஷ்ணத்தை அளக்க ஒன்று, சக்கரம் சுழல்வதை அறிய ஒன்று, எல்லாவற்றையும் வானொலி அலையாக அனுப்ப ஒன்று என இன்னும் சில நுண்ணுறுப்புகள் அதே பெட்டிக்குள் நெருங்கி அமைந்திருக்கின்றன. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓடும்போது, ரிம்மின் விளிம்பில் சுழலும் இப்பெட்டி புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 160 மடங்கு விசைக்கு ஆளாகிறது; 30 கிராம் பொருள் அப்போது ஐந்து கிலோ எடையுள்ளதாகத் தன் பிடிமானத்தை இழுக்கிறது. நெமிலிச்சேரி வழியே செல்லும் வெளிவட்டச் சாலையில் வேகமாகச் செல்லும் ஒவ்வொரு காரின் நான்கு சக்கரங்களிலும் இந்த இழுபறி நடந்துகொண்டே இருக்கிறது. இவ்வளவு அதிர்ச்சியையும் தாங்குவதற்காக, உள்ளுறுப்புகள் அனைத்தின் மேலும் பிசினை ஊற்றி, ஈரமும் தூசியும் புகாதபடி கட்டியாக உறையச் செய்துவிடுகிறார்கள்.

அந்த உறுதியே இதன் ஆயுளுக்கு எல்லையுமாகிறது. பிசினுக்குள் புதைந்திருப்பது நாணயம் போன்ற வடிவுடைய ஒரு லித்தியம் மின்கலம். அதனை வெளியே எடுக்க வழியில்லை. சக்தி தீர்ந்தால் சென்சார் முழுவதையுமே மாற்ற வேண்டும். இத்தனை சிறிய மின்கலம் எப்படிப் பல ஆண்டுகள் உழைக்கிறது என்பது கணக்குப் போட்டுப் பார்க்கத்தக்கது. அதன் கொள்ளளவு 300 மில்லி ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். வானொலி அலையை அனுப்புவதற்கு 10 மில்லி ஆம்பியர் தேவையென்றால், இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் கருவி 30 மணி நேரத்தில் ஓய்ந்துபோகும். பத்தாண்டு என்பதோ 87,600 மணி நேரம். ஆகையால் சராசரியாக 3 மைக்ரோ ஆம்பியருக்குச் சற்று மேற்பட்ட அளவைத் தாண்டாமல் அது சிக்கனம் பிடித்தாக வேண்டும். இதற்காகவே, வண்டி நிற்கும்போது சென்சார் ஏறக்குறைய உறங்கிவிடுகிறது. சக்கரம் உருளத் தொடங்கியதும் விழித்துக்கொள்கிறது. ஓடும்போதுகூட நிமிஷத்துக்கு ஒரு முறை அளவில், வினாடியின் நூற்றிலொரு பங்குக்கே வாய் திறந்து, தன் அடையாள எண்ணையும் அழுத்தத்தையும் சொல்லிவிட்டு அடங்குகிறது. காற்று திடீரென இறங்கினால் மட்டும் முறையை மீறி உடனே கூவுகிறது.

இத்தகைய சிக்கனத்தால் கிடைக்கும் ஆயுள் பொதுவாக ஐந்திலிருந்து பத்து ஆண்டுகள் வரை. இங்கே வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தினமும் சேக்காட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை வேலைக்குப் போய்வரும் காரின் சென்சார் அதிகம் பேசுவதால் அதிகம் செலவழிக்கிறது என்பது மெய்யே. எனினும் வாரத்துக்கு ஒரு முறை திருநின்றவூர்க் கோயிலுக்கு மட்டும் புறப்படும் காரின் சென்சாரும் அழியாத வரம் பெற்றதன்று. உறக்கத்திலும் அதற்கு ஒரு சிறு செலவு உண்டு. அதற்கும் மேலாக, எந்த மின்கலத்துக்குள்ளும், யாரும் கேளாமலே, ரசாயன மாறுதல்கள் நடந்துகொண்டே இருக்கின்றன. உஷ்ணம் 10 டிகிரி ஏறினால் இத்தகைய மாறுதல்களின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது ரசாயன சாஸ்திரத்தில் பொதுவாகக் கையாளப்படும் ஒரு தோராய விதி. சித்திரை, வைகாசி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில், கொதிக்கும் தார்ச்சாலையின் மேல் உருளும் டயருக்குள் இருக்கும் உஷ்ணம் வெளிக்காற்றைக் காட்டிலும் மிகுதி. எனவே, குளிர்நாட்டார் எழுதும் கையேடுகளில் பத்து ஆண்டு என்று கண்டிருந்தால், அதனை நாம் ஏழு, எட்டு என்று சற்றுக் குறைத்துக்கொள்வதே விவேகம் என்பது என் கருத்து.

முதுமை முதலில் எவ்வாறு வெளிப்படுகிறது? மின்கலத்தின் உட்தடை வயதோடு பெருகுகிறது. உறங்கும்போது தேவைப்படும் சொற்ப மின்னோட்டத்தை அது தட்டின்றித் தந்துவிடும். அலையை அனுப்பும் அந்தக் கணத்தில் தேவைப்படும் பெருமின்னோட்டத்தைத் தரும்போதுதான் மின்னழுத்தம் சரிந்து, செய்தி பாதியில் அறுந்துபோகிறது. குளிரில் உட்தடை இன்னும் மிகும். ஆதலால் மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் ஒரு சக்கரத்தின் அளவு திரையில் தோன்றாமலிருந்து, வெயில் ஏறி டயர் சூடான பின்பு தானாகவே வந்துவிடுமானால், அச்சென்சார் தன் இறுதிக்காலத்தை நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

ஆனால் தவறான சந்தேகத்தால் நல்ல சென்சாரைக் கழற்றி எறிபவர்களும் உண்டு. பெட்ரோல் பங்கில் வைத்திருக்கும் காற்றுமானி 33 பாயிண்ட் என்று சொல்ல, காரின் திரை 31 என்று காட்டினால், உடனே சென்சார் பழுது என்று முடிவுகட்டுகிறார்கள். சிலிக்கன் சவ்வு அவ்வளவு எளிதில் அளவு தவறுவதில்லை. மின்கலமே அதற்கு முன்பு ஓய்ந்துவிடுகிறது. பலர் கைபட்டுப் புழங்கும் பங்க் மானியையே முதலில் வேறொரு நல்ல மானியோடு ஒப்பிட வேண்டும். மேலும் டயர் சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா என்பதும் முக்கியம். 33 பாயிண்ட் காற்றுள்ள டயரில் 10 டிகிரி உஷ்ண மாறுதலுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பாயிண்ட் ஏறி இறங்கும்.

மலைப்பிரயாணம் இதைவிடச் சுவையான ஒரு சோதனை. சென்னையில் 35 டிகிரியில் 33 பாயிண்ட் வைத்துக்கொண்டு புறப்பட்டவர், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில், 10 டிகிரிக் குளிரில் மறுநாட்காலை வண்டியைப் பார்க்கிறார் என்று கொள்வோம். குளிரினால் அழுத்தம் 29 ஆகக் குறைய வேண்டும்; ஆனால் அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே மூன்றரைப் பாயிண்ட் குறைவாக இருப்பதால், கையில் பிடித்துப் பார்க்கும் மானி மீண்டும் 32க்கு மேலேயே காட்டும். சென்சாரோ பெரும்பாலும் முழு அழுத்தத்தையே அளந்து அனுப்புவதாகையால், அதிலிருந்து வெளியழுத்தத்தைக் கழிப்பது காரின் கணினியின் பொறுப்பு; எங்கேயும் கடல்மட்ட அளவையே கழிக்கும் கணினியானால் திரை 29 என்றே சொல்லும். இரண்டில் எதுவும் பழுதன்று. மலையிலிருந்து இறங்கிய பின்னும் வேறுபாடு நீடித்தால் மட்டுமே ஆராய்ந்தால் போதும்.

டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கின் மொழியைப் பிரித்தறிவது எல்லாவற்றிலும் அவசியமானது. வண்டியைக் கிளப்பியவுடன் விளக்கு ஒரே சீராக எரிந்தால், ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்திருக்கிறது என்று பொருள். ஒரு நிமிஷத்திலிருந்து ஒன்றரை நிமிஷம் வரை விட்டுவிட்டு மின்னிய பிறகே சீராக எரியத் தொடங்கினால், கண்காணிக்கும் அமைப்புக்கே பழுது என்று பொருள். அமெரிக்க விதி இப்படித்தான் வகுத்தது, வேறு பல நாட்டு வண்டிகளும் இதையொட்டியே அமைந்துள்ளன. பின்னைய வகையில், டயர்கள் நன்றாகவே இருக்கலாம்; ஆனால் அவை நன்றாக இருக்கின்றனவா என்பதை வண்டியால் சொல்ல இயலாது. இந்த இரண்டாவது நிலையை அலட்சியம் செய்து, விளக்கு எரிந்தபடியே மாதக்கணக்கில் ஓட்டுவது பெரும் அபாயம்; ஏனெனில் உண்மையாகவே காற்று இறங்கும் நாளிலும் எரியப்போவது அதே விளக்குத்தான்.

பழுது என்று தெரிந்தபின் எந்தச் சக்கரம் என்று பார்க்க வேண்டும். ஒரு சக்கரத்தின் அளவு மட்டும் மறைந்தால் சென்சாரைச் சந்தேகிக்கலாம். நான்கும் ஒரே நாளில் மறைந்தால், நான்கு மின்கலங்களும் பேசிவைத்துக்கொண்டு ஓய்ந்தன என்று நம்புவதற்கில்லை. அலையை வாங்கும் உறுப்பையோ, ஃபியூஸையோ, வண்டிக்குள் செருகியிருக்கும் மலிவான செல்போன் சார்ஜரையோ ஆராய வேண்டும். தரங்குறைந்த சார்ஜர்கள் எழுப்பும் மின்னிரைச்சலில் சென்சாரின் மெல்லிய குரல் அமிழ்ந்துபோவது உண்டு. அதைப் பிடுங்கிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. அதன் பிறகும் ஐயம் தீராவிட்டால், சென்சாரை விழிக்கச்செய்து அதன் சொல்லைக் கேட்கும் கைக்கருவி வைத்திருக்கும் பட்டறைக்குப் போகலாம். டயரைக் கழற்றாமலேயே, பக்கச்சுவரருகே அக்கருவியைப் பிடித்து, அழுத்தம், உஷ்ணம், அடையாள எண் ஆகியவற்றையும், பல வகைகளில் மின்கலத்தின் நிலையையும் அறிந்துவிடலாம்.

சிலருடைய வண்டியில் சென்சாரே இராது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். காற்று குறைந்த சக்கரத்தின் ஆரம் சற்றே சுருங்குவதால், அது மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஏற்கெனவே அமைந்திருக்கும் வேகமானிகளைக் கொண்டே இவ்வேறுபாட்டைக் கண்டறியும் மறைமுக முறையும் வழக்கத்தில் உண்டு. அத்தகைய வண்டியில், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி எண் திரையில் வராது. டயருக்குள் மாற்ற வேண்டியதும் ஒன்றுமில்லை.

நேரடிச் சென்சார் உள்ள வண்டிக்கு, மாற்ற வேண்டிய காலத்தை நிர்ணயிப்பது விளக்கைக் காட்டிலும் டயரே என்பது என் உறுதியான அபிப்பிராயம். சென்சாரைத் தொட வேண்டுமானால் சக்கரத்தைக் கழற்றி, காற்றை இறக்கி, டயரை ரிம்மிலிருந்து பெயர்த்து, பிறகு மீண்டும் ஏற்றிச் சமன் செய்ய வேண்டும். அவ்வேலைகள் அனைத்தும் புது டயர் போடும்போது எப்படியும் நடப்பவை. டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களில், முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு வருஷத்தையும் குறிக்கும். 2320 என்றிருந்தால் அது 2020ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்தது. வண்டியோடு வந்த டயர்களை நான்கு ஆண்டில் மாற்றுபவர், பழைய சென்சார்களையே விட்டுவைக்கலாம். அடுத்த மாற்றம் எட்டாம் ஆண்டில் வரும்போது, அவை பேசிக்கொண்டே இருந்தாலும் நான்கையும் புதிதாகப் போட்டுவிடுவது நலம். அதிகம் ஓட்டாமல் ஆறு அல்லது ஏழாம் ஆண்டில்தான் முதன்முறையாக டயர் மாற்றுகிறவரோ, அப்போதே மாற்றிவிட வேண்டும். ஏனென்றால் அடுத்த டயர் மாற்றம் வரையில் அம்மின்கலங்கள் உயிரோடிருக்கமாட்டா. மூன்றாம் ஆண்டிலேயே ஒன்று மட்டும் ஓய்ந்தால், அது அதன் தனிப்பட்ட குறை. அதை மட்டும் மாற்றினால் போதும். ஏழாம் ஆண்டில் ஒன்று ஓய்ந்தால், மற்ற மூன்றும் அதே நாளில் பிறந்து அதே வெயிலில் ஓடியவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே டயரைப் பெயர்த்துக் கூலி கொடுப்பதைவிட நான்கையும் ஒருங்கே முடிப்பதே சிக்கனம்.

மின்கலம் நன்றாயிருக்கும்போதே சென்சார் அழிவதும் உண்டு. உலோக வால்வுள்ள சென்சாரில் தண்டு அலுமினியத்தால் ஆனது. அதனுள் நிக்கல் பூசாத சாதாரணப் பித்தளை வால்வு ஊசியைத் திருகிவிட்டால், இருவேறு உலோகங்களுக்கிடையே ஈரம் புகுந்து, அலுமினியம் அரிக்கப்பட்டு, திருகு இறுகிப்போய், கழற்ற முயலும்போது தண்டே முறிந்துவிடுகிறது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வீசிய 2023 டிசம்பரிலும் ஆவடி வட்டாரத்தில் சக்கரம் மூழ்க வெள்ளம் நின்றது நமக்கு நினைவிருக்கும். டயருக்குள் அடைபட்ட சென்சாரை அவ்வெள்ளம் தீண்டாது; வெளியே நீண்டிருக்கும் வால்வையும் அதன் மரையையும் தீண்டும். ஆகையால் டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும், சென்சாரை விட்டுவைத்தாலும், வால்வைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம், மரை, வால்வு ஊசி, மூடி ஆகியவற்றைப் புதிதாகப் போடச் சொல்ல வேண்டும். டயர் பெயர்க்கும் முன்பே, உள்ளே சென்சார் இருக்கிறது என்று பஞ்சர் கடைக்காரரிடம் சொல்லிவிடுவதும் அவசியம். வால்வு இருக்கும் பக்கத்தில் லிவரை நுழைத்தால் பெட்டி நொறுங்கிப்போகும். பஞ்சரை அடைக்க உள்ளே செலுத்தும் பசைத்திரவமும், காற்றை உணரும் நுண்துளையை அடைத்துவிடக்கூடும்.

புதிதாக வாங்கும் சென்சார் வால்வில் பொருந்தினால் மட்டும் போதாது. நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் பயன்படும் அலைவரிசை 433 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவில் பெரும்பாலும் 315. இணையத்தில் மலிவாகக் கிடைத்ததென்று வேற்று வரிசையில் பேசுவதை வாங்கினால், அதன் பேச்சு நம் வண்டியின் செவியில் ஏறாது. அலைவரிசை ஒத்தாலும், காரின் கணினி தான் அறிந்த நான்கு அடையாள எண்களுக்கு மட்டுமே காதுகொடுப்பதால், புதிய எண்களை அதற்குக் கற்பிக்க வேண்டும். சில வண்டிகள் சிறிது தூரம் ஓடியதும் தாமே கற்றுக்கொள்கின்றன. சிலவற்றுக்குப் பட்டறைக் கருவியின் உதவி வேண்டும். பழைய சென்சாரின் எண்ணையே புதியதில் எழுதி, மாறுதலே நிகழாததுபோல் கணினியை ஏற்கச்செய்யும் வகையும் உண்டு. எம்முறையாயினும், பட்டறையை விட்டுப் புறப்படுவதற்கு முன் ஒரு டயரில் மட்டும் காற்றைச் சிறிது இறக்கி, திரையில் அதே சக்கரத்தின் எண் குறைகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முன்சக்கரத்தின் செய்தியைப் பின்சக்கரத்ததாகக் காட்டும் வண்டி, அவசர காலத்தில் ஓட்டுநரைத் தவறான சக்கரத்தினிடம் அனுப்பிவிடும்.

இவ்வளவையும் அறிந்த பின்னும், செலவை எண்ணிச் சிலர் மாற்றத்தைத் தள்ளிப்போட விரும்பலாம். மாதம் இருமுறை, காலையில் டயர் ஆறியிருக்கும்போது, நல்ல கைமானியைக் கொண்டு நான்கு டயர்களையும் ஸ்டெப்னியையும் தாமே சோதித்து வருபவர், அடுத்த டயர் மாற்றம் வரையில் சில மாதங்கள் பொறுத்திருப்பதில் குற்றமில்லை. சென்சார் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டினார்கள். ஆனால் ஸ்டெப்னியே இல்லாமல் விற்கப்பட்ட காரை உடையவருக்கு இந்தச் சலுகை பொருந்தாது. காற்றழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் ஒட்டும் சாதனமும் உள்ள டியூப்லெஸ் வண்டிகளுக்கு மாற்றுச் சக்கரம் தேவையில்லை என்று 2020 ஜூலையில் மத்திய அரசு விதியைத் திருத்தியபோது, ஐந்தாவது சக்கரம் செய்துவந்த காவலில் ஒரு பகுதி இந்த 30 கிராம் கருவியின் பொறுப்புக்கு மாறிவிட்டது. அத்தகைய வண்டியில் ஒரு சென்சார் ஓய்ந்துவிட்டதாக விளக்கு மின்னினால், அடுத்த டயர் மாற்றத்துக்குக் காத்திராமல், அடுத்த நெடும்பிரயாணத்துக்கு முன்பே அதனை மாற்றிவிட வேண்டும்.